அக்காவின் தாடையில் வந்த பரு

என் அக்கா வீட்டுக்குக் கீழேயே அழகு நிலையம் நடத்துகிறாள். கல்லாவில் உட்காருகிறவள் நான்; அவள் வாய்க்கு நித்தமும் நானே சாட்சி. பருவோடு யார் வந்து நாற்காலியில் சாய்ந்தாலும் விளக்கைக் கிட்டே இழுத்து விசாரணையைத் தொடங்கிவிடுவாள். "எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டீங்களா? மேக்கப்பைக் கழுவாமப் படுத்தீங்களா?" பரு வந்தால் ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்பது அவள் சித்தாந்தம். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, கிரீம் வாங்கிக்கொண்டு தப்பிவிடுவார்கள்.

அவள் மகளுக்கு அந்த வசதி இல்லை. பதினான்கு வயது, நெற்றி நிறையப் பரு. அழகு நிலையக்காரி பெற்ற பெண்ணுக்கு இப்படியா என்று அக்காவுக்கு மானப் பிரச்சினை. சாப்பிடும்போதுகூடக் குற்றப்பத்திரிகை வாசிப்பாள். பாவம், அந்தப் பெண் தோல் சிவக்கச் சிவக்க முகம் கழுவினாள். "அடுத்த வாரம் கிளாஸ் போட்டோ. நான் போகமாட்டேன் சித்தி" என்று குளியலறையைத் தாழிட்டுக்கொண்டாள். அக்காவுக்கு முதுகில் ரெண்டு வைக்கலாமா என்றிருந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்து, நாற்பத்தாறு வயது அக்காவின் தாடையில் ஒரு பரு எட்டிப் பார்த்தது. பின்னாலேயே விருந்தாளி மாதிரி இன்னும் நாலு. கடையிலிருந்த பூச்சையெல்லாம் பூசிப் பார்த்தாள், ஒன்றும் அசையவில்லை. கடைசியில், மகளைக் காட்டப்போகிறேன் என்று சொல்லி அவளையும் இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் கிளம்பினாள். நானும் தொற்றிக்கொண்டேன். இந்தக் கூத்தை விடுவேனா?

டாக்டரம்மா இருவர் முகத்தையும் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஹார்மோன் பண்ற வேலைதான். பொண்ணுக்கு இப்பதான் ஹார்மோன் ஏறுது. உங்களுக்கு மாதவிலக்கு நிக்கப்போற வயசு, ஈஸ்ட்ரோஜன் குறையுது. உடம்புல இருக்கிற ஆண் ஹார்மோனோட கை ஓங்கினா தோல்ல எண்ணெய் கூடும், துளை அடைச்சுக்கும், பரு வரும். மருந்து தர்றேன். தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவாதீங்க, இன்னும் மோசமாகும்."

"அப்ப இவ சரியாக் கழுவாததால இல்லையா?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"இல்லவே இல்லை."

மகள் ஒன்றும் அறியாதவள்போலத் திரும்பினாள். "அம்மா, நீ மேக்கப்பைக் கழுவாமப் படுத்தியா?"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

போட்டோ நாள் காலை, கடையில் ஆள் இருக்கும்போதே மகளைக் கூப்பிட்டாள். "உன்மேல தப்பே இல்லடி. நான்தான் தெரியாமப் பேசிட்டேன்."

"சித்திக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு."

அக்கா கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். அழுது முடித்து, கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு, அத்தனை பருவோடும் போட்டோவுக்குப் போனாள்.