தறிக்குழிக்கு ஒரு ஃபேன்

ஓரிக்கையில் டேனியலின் கடைக்கு ரிப்பேருக்குப் போன சாமான் போனபடியே திரும்பி வராது என்று ஒரு பேச்சு உண்டு. மிக்ஸி ஜாடியின் மூடி நழுவுகிறது என்று கொடுத்தால், மூடியோடு ஒரு கொக்கியும் சேர்ந்து வரும். டேபிள் ஃபேன் தலையாட்ட மறுக்கிறது என்று கொடுத்தால், தலை முன்னைவிட அகலமாக ஆடும். சிலருக்கு அது பிடிக்கும். சிலர், "கொடுத்தத கொடுத்த மாதிரி குடுப்பா, போதும்" என்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

டேனியலுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஐ.டி.ஐ. முடித்ததும் ஒரகடம் பக்கம் வாஷிங் மெஷின் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். அங்கே மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளர்களை உட்கார வைத்து யோசனை கேட்பார்கள். மற்றவர்கள் டீக்கும் பிஸ்கட்டுக்கும் காத்திருக்க, டேனியல் மட்டும் பேசிக்கொண்டே இருப்பான். குழாயைப் பக்கவாட்டில் வைக்கலாம், மூடி பாதியில் நிற்கிற மாதிரி செய்யலாம், உப்புத்தண்ணீர் ஊர்களுக்கு வேறு வடிகட்டி போடலாம். மேலாளர் நல்ல மனிதர்தான். "எல்லாம் சரி டேனியல். இதுல எது நடக்கும், எது நடக்காதுன்னு நீயே பிரிச்சு எடுத்துட்டு வா" என்றார். பிரிக்க உட்கார்ந்தால் இன்னும் நாலு யோசனை வந்தது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டான். பிறகு மோட்டார் வைண்டிங், பிறகு கேபிள் டிவி, பிறகு இந்தக் கடை. அந்த வீட்டில் நிலைத்து ஓடியது அவன் மனைவி லில்லியின் தறி மட்டும்தான்.

வீட்டை ஒட்டிய சிமெண்ட் ஷீட் அறையில் லில்லி பட்டு நெய்தாள். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை விட்டு, குறுக்குப் பலகையில் உட்கார்ந்து, மிதியை மிதித்து, ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள். கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக நெய்யும் சேலைக்கு ஒருவர் கை போதாது. வலப்பக்கம் பக்கத்து வீட்டுப் பூவம்மாள் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பித் தள்ளுவாள். ஊர்க்கதை பேசிக்கொண்டே இருவர் கையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும்.

அந்த அறையில் ஃபேன் கிடையாது. காற்று பட்டால் பட்டு இழை காய்ந்து அறும். ஜரிகை எழும்பிப் பின்னிக்கொள்ளும். கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே மாட்டியிருந்த ஃபேனை லில்லிதான் கழற்றச் சொன்னாள். டேனியல் கழற்றி விற்றுவிட்டான்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் லில்லி பலகையிலிருந்து பக்கவாட்டில் சரிந்தாள். பூவம்மாள் பிடித்திருக்காவிட்டால் தலை தறிக்கட்டையில் மோதியிருக்கும். டேனியல் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்தான். உடம்பில் நீர் வற்றிவிட்டது, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள் என்றார் டாக்டர். லில்லி மறுநாள் ஓய்வெடுத்தாள். அதற்கு மறுநாள் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டேனியலால் உட்கார முடியவில்லை. ஊரில் ஓடுகிற ஃபேனில் பாதியைத் தொட்ட கை இது. சொந்த மனைவிக்கு ஒரு வாய்க் காற்று தர முடியவில்லை. கடையில் ஒரு கிரைண்டரைப் பிரிப்பான். பாதியில் எழுந்து வாசலில் நிற்பான். சாப்பிடும்போது விரலால் தட்டில் சாம்பார்க் கோடு இழுத்து, இங்கே தறி, இங்கே கதவு என்று பார்ப்பான். சோறு ஆறிப்போகும்.

"மண்டைய போட்டு உருட்டிக்கினு இருக்காதீங்க" என்றாள் லில்லி. "எது வேணா கொண்டாங்க. நாலு விரக்கடை நெய்யற வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன். இழை அறுந்தா கழட்டிடணும். பேசக் கூடாது."

முதலில் ஒரு டேபிள் ஃபேன் வந்தது. வைண்டிங்கை மாற்றி, இறக்கை எண்ணக்கூடிய வேகத்தில் சுற்ற வைத்திருந்தான். இரண்டு விரற்கடை போவதற்குள் ஜரிகை எழும்பி நாடாவில் சுற்றிக்கொண்டது. லில்லி கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள்.

அடுத்தது குழி. காற்று தறியில் விரித்த பாவு இழைக்கு மேலே வந்தால்தானே தொல்லை, கீழே விடுவோம் என்று ஒரு சின்ன ஃபேனைக் குழிக்குள் பொருத்தினான். போட்டதும் லில்லியின் புடவை பந்து போல உப்பியது. பூவம்மாள் நாடாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் குழியில் சேர்ந்திருந்த தூசும் பஞ்சும் மேலே கிளம்பி, சந்தன நிறப் பட்டில் போய் உட்கார்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுக்க லில்லிக்கு அந்தச் சாயங்காலம் முழுதும் போயிற்று. சிரிப்பும் அதோடு போயிற்று.

மூன்றாவது யோசனையில் டேனியலுக்கு மிகுந்த நம்பிக்கை. ஒரு பிளாஸ்டிக் பைப்பில் வரிசையாகத் துளை போட்டு, லில்லியின் முதுகுக்குப் பின்னால் படுக்க வைத்து, ஒரு முனையில் புளோயரைச் சொருகினான். காற்று முதுகில் மட்டும் பட்டது. இழை அசையவில்லை. நாலு விரற்கடை முடிந்தது.

"இன்னா?" என்றான்.

"முதுகுக்கு நல்லா இருக்குது. ஆனா அக்கா சொல்றது காதுல விழல. கத்திக் கத்தி தொண்டை போயிடுச்சு."

பூவம்மாள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். "பைப்பு முடியற எடம் என் காதாண்ட வருதுப்பா. லில்லிக்கு வேர்க்குதுன்னு எனக்கு சளி புடிக்கணுமா?"

அதற்குப் பிறகு டேனியலுக்கு நிலைகொள்ளவில்லை. பைப்பை வளைத்தான், துளையை அடைத்தான், புளோயரைப் பஞ்சால் மூடினான். ஒருவருக்குச் சரியானது மற்றவருக்குத் தொல்லையாக முடிந்தது. கடையில் அடுத்தவர் மிக்ஸிகள் பிரித்தபடி கிடந்தன. ஓரிக்கை மணிமண்டபத்துக்கு வந்த வேன்காரர் ஒருவர் ஏ.சி. ஃபேனைக் கொடுத்துவிட்டு மூன்று முறை வந்து வெறுங்கையோடு திரும்பினார். லில்லிக்கு இது தெரியவந்ததும் நாடாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"நான் உங்கள காத்து கேட்டனா? தினம் ஒண்ண கொண்டாந்து மாட்டறீங்க. நின்னுக்கினே மாட்டி, நின்னுக்கினே கழட்டறீங்க. ஒரு வாட்டி இங்க உக்காந்து பாத்தீங்களா?"

"எனக்கு நெய்யத் தெரியாதே."

"நெய்ய வேணாம். சும்மா உக்காருங்க. நாங்க போய் சாப்ட்டு வரோம்."

மத்தியான வெயில் உச்சியில் நின்றது. டேனியல் குழிக்குள் கால்களை விட்டுப் பலகையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் முழங்கால் தானாக ஆடத் தொடங்கியது. எழுந்து போகலாம் என்று தோன்றியது. அடுக்களையிலிருந்து பூவம்மாளின் பேச்சு கேட்டதால் போகவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. பாதம் மட்டும் குளிர்ந்திருந்தது. அதைக் கவனித்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த அறையில் குளிர்ச்சியான ஒரே இடம் குழிதான். அதற்குள் போய் ஃபேன் வைத்திருக்கிறான். வயிறு வரைக்கும் தாங்க முடிந்தது. உச்சந்தலை எரிந்தது. எழுந்து நின்று கையை மேலே நீட்டினான். ஷீட்டுக்குக் கீழே காற்று தோசைக்கல் மேல் நிற்பது போல அசையாமல் கொதித்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த லில்லியிடம், "சூடெல்லாம் மேலதான் நிக்குது" என்றான்.

"உச்சி காயுதுன்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னேன்" என்றாள் அவள். "நீங்க அப்ப சீலிங்க பாத்துக்கினு இருந்தீங்க."

உள்ளே காற்று விடுவதில் பயனில்லை, உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும் என்று புரிந்ததும், டவுனிலிருந்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி வந்து சுவரின் உச்சியில் பொருத்தினான். சமையலறைக்கென்று செய்த ஃபேன் அது. போட்டதும் பஸ் கிளம்புகிற சத்தம் வந்தது. கதவுத் திரை உள்ளே பறந்தது, பாவு நடுங்கியது. லில்லி ஒரு விரற்கடைகூட நெய்யவில்லை.

இந்தமுறை டேனியல் அதைத் தூக்கி எறியவும் இல்லை, அடுத்ததற்குத் தாவவும் இல்லை. தவறு எதில் என்று பார்த்தான். இடம் சரி. வேகம் தப்பு, சத்தம் தப்பு. மோட்டாரை மெதுவாகச் சுற்றும்படி மறுபடி வைண்டிங் செய்தான். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தான். கதவின் கீழ்ப்பாதியில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டான். உள்ளே வருகிற காற்று அதைத் தாண்டி ஈரமாக வரட்டும், இழைக்கும் அது நல்லது.

சுவிட்சைப் போட்டதும் எதுவும் நடந்தது போலத் தெரியவில்லை.

"காத்தே வரலியே" என்றாள் பூவம்மாள். "இது இன்னா ஃபேனு?"

லில்லி நெய்துகொண்டே இருந்தாள். நாலு விரற்கடை ஆயிற்று. டேனியல் கதவோரம் நின்று மாறி மாறிக் காலை மாற்றிக்கொண்டிருந்தான். அவள் நிறுத்தவில்லை. பூவம்மாளின் மருமகள் புதிதாக வாங்கிய ஸ்கூட்டியைப் பற்றி இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சாண் அளவு நெய்த பிறகுதான் லில்லி நிமிர்ந்து, "அட, ஓடிக்கினுதான் இருக்குதா?" என்றாள்.

வெயில் முழுதும் போய்விடவில்லை. கத்தரியில் உச்சிப்பொழுதுக்குத் தறியை நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. மழைக்கு அந்த ஓட்டை வழியாகச் சாரல் அடித்ததால் அதன் மேல் ஒரு தகரச் சாய்ப்பு வைத்தான். ஆனால் லில்லிக்கு மறுபடி மயக்கம் வரவில்லை.

பூவம்மாள் வாயால் செய்தி பரவி, மாகறலிலிருந்து உதயகுமார் என்ற நெசவாளர் வந்து ஒன்று கேட்டார். டேனியல் போய் மாட்டிக் கொடுத்தான். பத்து நாள் கழித்து போன் வந்தது.

"ஃபேனு நல்லாதான் ஓடுதுங்க. ஆனா சேலையில கருவாட்டு வாசனை வருதுன்னு சேலை எடுக்கற முதலாளி சொல்றாரு."

அவர்கள் வீட்டில் தறிக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு திறப்புதான். ஃபேன் அடுப்புப் புகையை எல்லாம் தறி வழியாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நினைப்பிலேயே டேனியல் அன்றைக்குக் கடையில் இரண்டு பேருக்கு ஸ்பீக்கரை ஆள் மாற்றிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு மாகறலுக்குப் போனான். உதயகுமாரின் மனைவி ரேவதியை வழக்கம்போலச் சமைக்கச் சொல்லிவிட்டுத் தறிப்பலகையில் உட்கார்ந்து, புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தான். நடுத்திறப்பை அடைத்து, வாசல் பக்கச் சுவரில் தாழ்வாக ஒரு காற்றுவழி வெட்டி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. தறி அறையில் வாசனை நின்றது. உதயகுமாருக்குத் திருப்தி.

ரேவதி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் முகம் வேர்த்து வழிந்தது.

"தறிக்கு ஆச்சு. அந்தச் சந்துலதான் எனக்குக் கொஞ்சம் காத்து வந்துக்கினு இருந்தது, அதையும் அடைச்சிட்டீங்க" என்றாள். "அடுப்பாண்ட நிக்கிறவளுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

டேனியல் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, அடுக்களைக்குள் போய், அடுப்பின் முன்னால் நின்றான்.