ஒன்றாம் கேமராவும் இரண்டாம் கேமராவும்

பெயர்தான் சக்கரவர்த்தி. ஆண்டது ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் எட்டுக்குப் பத்து அடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கல்யாணமான கையோடு படவேட்டிலிருந்து செந்தாமரையைக் கூட்டிக்கொண்டு மலையேறியவர், இருபத்திரண்டு வருஷமாக மேலேயே இருந்துவிட்டார். மலை ஊர்களில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போட்டோக்காரர், அவ்வளவுதான்.

கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பார். ஆனால் வருஷம் முழுக்க ஓயாமல் வந்த வேலை செத்தவர்களுடையது. ஒரு வீட்டில் யாராவது போய்விட்டால் மறுநாளே ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பல பேருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, திருடி மாட்டினவர் மாதிரி முழிக்கும் அந்த முகத்தைச் சக்கரவர்த்தி கம்ப்யூட்டரில் பெரிதாக்குவார். தலை சீவி, பெண் என்றால் பொட்டு வைத்து, கழுத்துக்குக் கீழே ஒரு நீலப் பட்டுப் புடவையை ஒட்டிக் கொடுப்பார். புடவை அவரிடம் இருந்தது ஒன்றுதான். மலையில் பாதி வீட்டுச் சுவரில் அதே நீலப் புடவைதான் மாலையோடு தொங்குகிறது. இதுவரை ஒருத்தரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

செந்தாமரைக்கு இந்த வித்தை எல்லாம் அத்துப்படி. அதனால்தான் வயிற்றில் கட்டி என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லி, ஊசி மருந்து ஏற்றி, தலைமுடி எல்லாம் கொட்டி, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்ட பிறகு, பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்தாள்.

"யோவ், ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்கும் அந்த நீலப் பொடவைய மாட்டி வுட்றாத. இருக்கச்சயே நல்லதா ஒரு போட்டோ எடுத்துரு."

"இன்னா பேச்சு பேசற நீ? வாய மூடிக்கினு வா."

"இருவத்திரண்டு வருசமா லைட்டப் புடிச்சிக்கினு உன் பின்னால நின்னவதானே நானு. என்ன எப்ப எடுத்த நீ?"

அது பொய்யில்லை. எந்தக் கல்யாணத்திலும் விளக்கைத் தூக்கிப் பிடித்தது செந்தாமரைதான். மகள் ஜெயசுதாவின் கல்யாணத்தில்கூடப் பெண்ணுக்கு அம்மா மேடையில் நிற்கவில்லை. எதிரே விளக்கோடு நின்றாள். படங்களில் அவளுடைய வெளிச்சம் இருக்கிறது, அவள் இல்லை.

எடுத்துக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அவருடைய கேமரா அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் ஓடையில் விழுந்து செத்திருந்தது. "செல்லுலயே எடேன்" என்றாள் செந்தாமரை. "செல்லுல எடுக்கறதெல்லாம் ஒரு போட்டோவா?" என்று சீறினார் அவர். தொழில்காரனுடைய வீம்பு என்று ஊரில் நினைத்திருப்பார்கள். வீம்பு பாதிதான். அந்தப் படத்தை எடுத்துவிட்டால் அவள் சாகப் போகிறாள் என்பதற்குத் தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்ற பயம் மீதிப் பாதி.

கணியம்பாடியில் மணிவேல் என்று ஒருவர் பழைய கேமராக்களைப் பழுது பார்த்து விற்பவர். நெடுநாள் பழக்கம். அவர் இரண்டு பழைய கேமராக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று வேலூரில் கல்யாண வேலையில் அடிபட்டது. பிடி ரப்பர் உரிந்து, பொத்தான்மேல் எழுத்தெல்லாம் தேய்ந்து, ஒன்றரை லட்சம் படத்துக்குமேல் எடுத்து ஓய்ந்தது. இன்னொன்று ஒரு காலேஜ் வாத்தியார் ஆசைக்கு வாங்கி பீரோவில் பூட்டி வைத்தது. பன்னிரண்டாயிரம் படம்கூட எடுக்கவில்லை. பார்க்கப் புதுப்பெண் மாதிரி இருந்தது.

"எடுத்துக்கினு போய் ரெண்டையும் ஒரு வாரம் வெச்சிப் பாருங்கண்ணா. உள்ள கார்டும் போட்டுக் குடுக்கறேன். எது புடிச்சிருக்குதோ அத வெச்சிக்கினு இன்னொண்ணக் குடுத்துடுங்க" என்றார் மணிவேல். அந்த ஒரு வாரம்தான் வினையாகிப் போனது.

முதல் நாள் வெற்று வானத்தை எடுத்துத் தூசிப் புள்ளி எண்ணினார். இரண்டாம் நாள் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, எந்தப் படத்தில் எழுத்து கூர்மை என்று பார்த்தார். காதைக் கேமராமேல் ஒட்டாத குறையாக ஒவ்வொரு சொடுக்கையும் கேட்டார். கல்யாண கேமரா நிறத்தில் நன்றாக இருந்தது. இருட்டில் வெளிச்சம் கூட்ட ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றினால் ரவை ரவையாகப் புள்ளி விழுந்தது. வாத்தியார் கேமரா இருட்டிலும் பளிங்கு. ஆனால் ஒரு கோணல் இருந்தது. முகத்தைக் குறிவைத்தால் முகத்துக்கு முன்னால் இருப்பதைப் பிடித்தது. எப்போதும் இல்லை, நாலுக்கு ஒன்று. அந்த நாலில் ஒன்று எது என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் போயிற்று.

கடைசியில் முகத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். எந்த முகம்? வீட்டில் இருந்தது ஒரு முகம்தான்.

ஜன்னலோரம் நாற்காலி போட்டுச் செந்தாமரையை உட்கார வைத்தார். 'கடை விடுமுறை' என்று எழுதித் தொங்கவிடும் சிலேட்டை அவள் கையில் கொடுத்தார். எந்தப் படம் எந்தக் கேமராவில் எடுத்தது என்று பின்னால் குழம்பக் கூடாதே. அதற்காகக் கேமரா எண்ணையும் (கல்யாண கேமரா ஒன்று, வாத்தியார் கேமரா இரண்டு) இருட்டுக்கு ஏற்றிய எண்ணையும் அவள் சாக்பீஸால் எழுதி மார்புக்கு நேரே பிடிக்க வேண்டும். ஒன்று, எண்ணூறு. இரண்டு, எண்ணூறு. அழித்துவிட்டு, ஒன்று, ஆயிரத்து அறுநூறு. தலையில் சுற்றியிருந்த துண்டோடு அவள் எழுதி எழுதிப் பிடித்தாள்.

"இதுதான் எனக்கு எடுக்கற போட்டோவா?"

"இது டெஸ்ட்டுமே. டெஸ்ட்டு முடியட்டும். அந்தப் பச்சப் பட்டக் கட்டிக்கினு நீ உக்காரு, ராணி மாதிரி எடுக்கறேன்."

மூன்று நாள் இப்படி நடந்தது. ஒவ்வொரு படத்தையும் கேமராவின் திரையில் பெரிதாக்கி, அவளுடைய இடது கண்ணின் இமை மயிரை மட்டும் பார்த்தார் அந்த மனுஷன். இமை மயிர் தனித்தனியாகத் தெரிகிறதா, இல்லையா. அந்தக் கண்ணுக்குள் இருந்தது என்ன என்று ஒரு தடவையாவது பார்த்தாரா என்றால், இல்லை.

மூன்றாம் நாள் கடைசிப் படம், இரண்டாம் கேமரா. எண்ணைச் சொன்னார். அவள் தலையைக் குனிந்து வழக்கத்தைவிட அதிக நேரம் எழுதினாள். சிலேட்டை நிமிர்த்திப் பிடித்தாள். அவர் சொடுக்கினார், கண்ணைப் பெரிதாக்கினார், இமை கலங்கிக் கிடந்தது.

"படிச்சியா?" என்றாள் செந்தாமரை.

"அவுட்டு. கண்ணு புடிக்கல. இந்தக் கேமரா ஒதவாது" என்று சொல்லி, அந்தப் படத்தை அங்கேயே அழித்தார்.

அவள் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுந்து போனாள்.

கல்யாண கேமரா என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை இரண்டாம் கேமராவைக் கணியம்பாடி போகிறவரிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினார். கொடுக்குமுன் கார்டைச் சுத்தமாக அழித்தார். அடுத்தவன் கைக்குப் போகும் கார்டில் வீட்டுப் பெண்பிள்ளையின் படம் இருக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் கடைப்பிடித்த ஒழுக்கம். மறுநாள் ஒரு கல்யாண வேலை என்பதால் ஒன்றாம் கேமராவின் கார்டையும் அழித்துக் காலியாக்கினார்.

"ஞாயித்துக்கெழம உன்ன எடுக்கறேன்" என்றார்.

"செரி, போய்ட்டு வா" என்றாள் அவள்.

சனிக்கிழமை அவர் மணமேடைக்கு முன்னால் நின்றிருந்தபோது பக்கத்துக் கடைக்காரர் போன் செய்தார். ஆம்புலன்ஸ் மலையிறங்கி அமிர்தியைத் தாண்டுமுன்பே எல்லாம் முடிந்திருந்தது.

அஞ்சலி பேனர் அடிக்கப் படம் வேண்டும் என்று ஜெயசுதாவின் வீட்டுக்காரர் வந்து நின்றார். மலைக்கெல்லாம் படம் கொடுத்தவர் வீட்டில் படம் இல்லை; அவளுடைய ஆதார் அட்டையைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. ஜெயசுதாவின் செல்லில் இருந்ததெல்லாம் முகத்தைக் கையால் மறைத்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தது. கடைசியில் அவர்கள் இருவருடைய பழைய கல்யாண ஆல்பத்திலிருந்து மணப்பெண்ணை வெட்டி எடுத்துப் போட்டார்கள். பத்தொன்பது வயது, தலை நிறையப் பூ. எழவுக்கு வந்த மலைக்காரர்கள் பேனரைப் பார்த்துவிட்டு, சின்ன வயசுப் பொண்ணா போய்ட்டது என்று கேட்டார்கள். சக்கரவர்த்தி சுவரில் முட்டிக்கொண்டார். அழுகை வரவில்லை; தன்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

ஒன்பதாம் நாள் கணியம்பாடிக்குப் போனார். கார்டை அழித்தால் படம் உடனே போய்விடாது, மேலே வேறு படம் விழும்வரை அடியில் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றாம் கேமராவின் கார்டில் கல்யாணப் படங்கள் விழுந்துவிட்டன. இரண்டாம் கேமரா?

"விக்கலண்ணா. வந்தவங்களுக்குக் காட்டறதுக்கு அதுல கொஞ்சம் எடுத்தேன்" என்றார் மணிவேல். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தோண்டினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேலே வந்த படங்களில் பாதி திறக்கவே இல்லை. திறந்தவற்றில் நெற்றி வரைக்கும் செந்தாமரை இருந்தாள். அதற்குக் கீழே சாம்பல் பட்டை. ஒன்றில் வெறும் துண்டு மட்டும். ஒன்றில் ஒரு கை.

முழுதாக வந்தது ஒன்றே ஒன்று. அவர் அழித்த அந்தக் கடைசிப் படம். கேமரா தன் கோணல்படி முன்னால் இருந்ததைப் பிடித்திருந்தது. முகம் கலங்கி இருந்தது. கண் எங்கே பார்க்கிறது என்று சொல்ல முடியவில்லை. சிலேட்டு கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. சாக்பீஸ் தூள்கூடத் தெரிந்தது. மணிவேல் படித்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படத்தைச் சட்டம் போட்டு வைத்தார். ஜெயசுதா பார்த்துப் பதறினாள்.

"அப்பா, அந்தச் சிலேட்ட எடுத்துட்டுப் போடுப்பா. உனக்குப் பத்து நிமிசம் ஆவுமா?"

பத்து நிமிஷம்கூட ஆகாது. எத்தனை பேருக்குக் கழுத்துக்குக் கீழே மாற்றியவர்.

"கெடக்கட்டும்மா" என்றார்.

நம்மியம்பட்டிலிருந்து ராணியம்மாள் வந்திருந்தாள். அவள் புருஷனின் படமும் சக்கரவர்த்தி செய்து கொடுத்ததுதான். விழுந்து கும்பிட்டு எழுந்தவள், படத்தை உற்றுப் பார்த்தாள்.

"பலகையில இன்னாவோ எழுதிக் கீதே, போட்டோக்காரரே. எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா அது?"

சக்கரவர்த்தி படத்துக்கு நேரே போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"கை நோவுதுயா. போதும். என்னப் பாரு."