நான் வாசிக்காமல் விட்ட பத்தி

அந்தப் படத்தில் பதினொரு பெண்கள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி நிற்கிறார்கள். படம் பிடித்தவர் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் நின்றதால் ஒருவருடைய முகமும் தெரியாது. எல்லோருக்கும் கணுக்கால்வரை ஒரே வெளிர்நீலச் சட்டை. கனடா எல்லையிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில், நியூயோர்க் மாநிலத்தின் பழைய பண்ணையொன்றில், வைத்தியரை ஏற்காத ஒரு செபக்குழு கூடி வாழ்வதாகவும், அதில் பல நாட்டுக் குடியேறிகள் இருப்பதாகவும் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அந்தப் படத்தோடு அரைப்பக்கம் எழுதியிருந்தது. மொன்றியல் நகரத்துக் கடைக்கு அந்தப் பத்திரிகை ஒரு நாள் பிந்தித்தான் வரும். நான் வாங்கியது நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். அது வெளியான நாளையும் வாங்கிய நாளையும் விளிம்பில் தனித்தனியே குறித்திருக்கிறேன்.

குடியேறிகளைப் பற்றி அமெரிக்கர்கள் எழுதுவதை வெட்டி ஒட்டுவது அந்த ஆண்டுகளில் என் பழக்கம். நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு தொடங்கியது. இன்று அங்கே எங்களைப் போன்றவர்களைப் பற்றி என்ன எழுதப்படுகிறதோ, அது நாளை எல்லை அதிகாரியின் பார்வையில் இருக்கும் என்ற பயம். கோயில் கட்டுவதை எதிர்த்த ஊரும், டாக்சிக்காரர்களின் வழக்கும் ஒரே கொப்பியில் இருந்தன. அதில் ஒரு பக்கத்தில் தங்கச்சியும் இருந்தாள். நியூயோர்க்கில் நடந்த மாணவர் ஆடைக் காட்சி பற்றிய செய்தியில், மொன்றியலிலிருந்து வந்த இலங்கைப் பெண்ணின் உடுப்பு என்று ஒன்றரை வரி. அந்தக் காட்சிக்குப் போன இடத்தில்தான் யாரோ அவளைச் செபத்துக்கு அழைத்தார்கள். படிப்பு முடிந்ததும் அவர்களோடு அந்தப் பண்ணைக்குப் போய்விட்டாள். வசந்த காலத்துக்குப் பிறகு தொலைபேசியும் நின்றுவிட்டது.

தங்கச்சி என் சின்னம்மாவின் மகள். சண்டைக் காலத்தில், சிறுபிள்ளையாக, எங்கள் குடும்பத்தோடு இங்கே வந்து குடியுரிமை பெற்றவள். சின்னம்மா பல வருடங்கள் பிந்தித்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். அவருடைய அகதி மனு அப்போது முடிவாகியிருக்கவில்லை. நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் திரும்பி வரமுடியாமல் போகலாம். மகள் எல்லைக்கு அப்பால் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தும் அவரால் போய்ப் பார்க்க முடியவில்லை.

அன்று பின்னேரம் செயின்ட்-மிஷேலில் இருந்த அவருடைய வீட்டுக் குசினி மேசையில் பத்திரிகையை விரித்து, விரலை வரிகளின்மேல் நகர்த்தியபடி தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். கடைசிப் பத்திக்கு முன்னால் நிறுத்தினேன். அந்தப் பண்ணையில் இளம்பெண் ஒருத்தி பல வாரங்களாகப் படுக்கையில் கிடப்பதாக அயலவர் ஒருவர் சொன்னது அதில் இருந்தது. பெயரோ வயதோ இல்லை. சின்னம்மாவுக்கு ஏற்கனவே பிறஷர். திங்கட்கிழமை பத்திரிகைக் காரியாலயத்தில் விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டப் பிடித்தார். உடுப்புத் தொழிற்சாலையில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து முடிந்த உடுப்புகளில் பிழை பார்ப்பது.

"இஞ்சை பார் மோனை. கமக்கட்டிலை சதுரத் துண்டு வைச்சிருக்கு. இது அவளின்ரை வெட்டு."

அது எனக்கும் தெரிந்த கதைதான். உயரத்தில் தொங்கும் உடுப்புகளை எட்டி எடுக்கும்போது தாயின் சட்டை மேலேறுகிறது என்று, கையை எவ்வளவு உயர்த்தினாலும் இழுக்காதபடி அக்குளில் அந்தத் துண்டை வைத்துத் தங்கச்சி முதலில் தைத்தது சின்னம்மாவுக்குத்தான். இப்போது பதினொரு பேர் அதை உடுத்திக்கொண்டு கைகளை உயர்த்தி நின்றார்கள். அவள் அங்கே நலமாக வேலை செய்கிறாள் என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

சின்னம்மா நிறுத்தவில்லை. தொழிற்சாலையில் பார்ப்பதைப் போலவே ஒவ்வொரு சட்டையாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"வெட்டு அவளின்ரைதான். தைச்சது வேறை ஆள். துண்டின்ரை மூலை எல்லாத்திலையும் சுருங்கிக் கிடக்கு. அவள் எண்டால் பிரிச்சுப்போட்டுத் திருப்பித் தைச்சிருப்பாள்."

மற்றவர்களுக்குப் பழக்கியிருப்பாள் என்றேன். சின்னம்மா படத்தை விட்டு என்னைப் பார்த்தார். பிறகு பத்திரிகையின் அடியில் விரலை வைத்தார். ஆங்கிலம் தெரியாதவர், ஆனால் என் விரல் எங்கே நின்றது என்று கவனித்திருக்கிறார்.

"இதுக்குக் கீழையும் எழுத்துக் கிடக்கே. அது என்ன?"

வாசித்தேன். அவர் அழவில்லை. எழுந்து போய் என் ஜாக்கெட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

ஞாயிறு காலை போனேன். எல்லையில் அதிகாரி எங்கே போகிறாய் என்று கேட்டபோது தங்கச்சியைப் பார்க்க என்றேன். செபக்குழு என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. பத்திரிகை வெட்டு என் பையில் இருந்தது. அதை அவர் கண்டுவிடுவாரோ என்ற பதற்றம், அவர் கையசைத்து விட்ட பிறகும் நெடுந்தூரம் கூடவே வந்தது.

பண்ணை வாசலுக்கு அவளைக் கூட்டி வந்த மனிதர் எங்களைத் தடுக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்று உரத்துச் செபம் சொல்லத் தொடங்கினார். தங்கச்சி மெலிந்திருந்தாள். கைகளைச் சட்டைக் கைகளுக்குள் இழுத்து மறைத்திருந்தாள். தாய் படத்தைப் பார்த்துச் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அவவின்ரை செக்கிங்கிலை இருந்து இஞ்சையும் தப்பேலாது."

பிறகு கைகளை வெளியே எடுத்தாள். விரல் மூட்டுகள் வீங்கிச் சிவந்திருந்தன.

"ஊசி பிடிக்க ஏலாது அண்ணை. அம்மாட்டைச் சொல்லாதேங்கோ."

"சொல்லுவன். நேற்று ஒருக்கா ஒளிச்சுப் பாத்தனான், பிடிபட்டுப்போனன்."

அவள் பண்ணை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு காரில் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டாள்.

எல்லை தாண்டிய பிறகுதான் சொன்னாள். பத்திரிகையில் வந்தவள் அவளல்ல. பக்கத்துக் கட்டிலில் கிடந்த வேறொருத்தி. உடுப்பெடுக்க உள்ளே போனபோது எங்களோடு வரச் சொல்லித் தங்கச்சி கேட்டாளாம், மற்றவள் மறுத்துவிட்டாளாம். அந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி தேடினேன். எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

தங்கச்சி இப்போது இங்கே மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் இருக்கிறாள். மருந்து தொடங்கப் பிந்தியதால் இரண்டு விரல்கள் முழுதாக நிமிரவில்லை. வெட்டுகிறாள், தைப்பதில்லை. சின்னம்மாவுக்குக் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. இன்றும் அவருக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்கிறேன், அது மின்சாரக் கட்டணமாக இருந்தாலும். முடித்து மடித்து வைத்ததும், கோபமில்லாமல், மருந்து குடித்தாயா என்று கேட்பதைப் போல, ஒவ்வொரு முறையும் கேட்பார்: "முழுக்க வாசிச்சனியோ?"