வெங்காயத்தோல் நிறப் புடவையில் விழுந்த வட்டம்

ஆரணியில் நான் புடவைகளைப் படம் எடுக்கிறேன். கட்டிக்கொண்டு நிற்கும் பெண்களை அல்ல, புடவையை மட்டும். அதற்கு முன் பதினோரு வருடம் கல்யாணங்களுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் கடைத்தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். பட்டு வியாபாரிகள் கொடுத்தனுப்பும் புடவைகளை விரித்து, முந்தி ஒன்று, பார்டர் ஒன்று, உடல் ஒன்று என்று எடுத்துக் கொடுப்பேன். அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் பெங்களூருக்கும் துபாய்க்கும் போகும். தொட்டுப் பார்க்காமலே பட்டு வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை என் படம்தான் புடவை.

என்னிடம் ஒரு லென்ஸ் உண்டு. நூலிழை தெரியுமளவு கிட்டத்தில் போகலாம், முழுப் புடவையையும் எடுக்கலாம். கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி. சொந்தக் கம்பெனி லென்ஸின் விலையைக் கேட்டு மிரண்டவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. கேமராவின் முகப்பில் லென்ஸ் பூட்டிக்கொள்ளும் வளையத்துக்கு மவுன்ட் என்று பெயர். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். என் லென்ஸைச் செய்தவர்கள் அதை என் கேமராவின் மவுன்டுக்கென்றே செய்திருந்தார்கள். பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு கேமரா படுத்துவிட்டது. அதே கம்பெனியில், மிரர்லெஸ் என்கிற, உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா வாங்கினேன். அதன் மவுன்ட் பழையதைவிட அகலம். பழைய லென்ஸ் நேரடியாகப் பொருந்தாது, நடுவில் அடாப்டர் என்று ஒரு வளையத்தை மாட்ட வேண்டும். சென்னையில் விற்றவர், "எல்லாம் வேலை செய்யும்மா, பயப்படாதீங்க" என்றார். மாட்டிப் பார்த்தேன். ஃபோகஸ் ஆனது, வெளிச்சம் சரியாக இருந்தது. அத்தோடு சோதனையை முடித்துக்கொண்டேன்.

மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. நான் வழக்கமாக வேலை செய்து கொடுக்கும் வியாபாரி ஒருவர் ஒருநாள் மாடியேறி வந்தார். எப்போதும் கடை ஆளை அனுப்புகிறவர் தானே வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கையில் வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு புடவை. உடலில் பூவோ கட்டமோ எதுவும் இல்லாத பிளெயின் பட்டு.

"நீங்க எடுத்த போட்டோவ பெங்களூர் பார்ட்டிக்கு அனுப்பினேம்மா. வேணாம்னுட்டாங்க. நடுவுல வட்டமா கறை கீதுன்றாங்க. பாருங்க."

போனில் படத்தைக் காட்டினார். உண்மைதான். நடுவில் நிறம் சற்று அடர்ந்து, வெளியே ஒரு வளையம்போல வெளுத்திருந்தது. புடவையை ட்யூப்லைட்டின் கீழே விரித்தோம்.

"இதோ, இங்க" என்று அவர் விரல் வைத்தார்.

குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரிந்தது. இதை நான் மறைக்கக் கூடாது. அன்றைக்கு அந்தப் பட்டில் நானும் என் கண்ணால் ஒரு வட்டத்தைப் பார்த்தேன்.

"தண்ணி பட்டுக்கிதுங்க" என்றேன்.

"அதான் நானும் சொல்றேன். தேவிகாபுரத்துல ஒரு அம்மா நெய்யறாங்க. ஓட்டு வீடு. மழை ஒழுகி தறிமேல சொட்டிருக்கும். அத துடைச்சி காயவெச்சி கொடுத்துட்டாங்க. கேட்டா ஒழுகவே இல்லன்னு சாதிக்கறாங்க."

அந்த அம்மாவுக்கு அடுத்த பாவு கொடுப்பதை நிறுத்திவிட்டதாகவும் போகிற போக்கில் சொன்னார். பாவு என்பது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல். வியாபாரி அதைக் கொடுக்காவிட்டால் தறி சும்மா கிடக்கும். அது அவர்கள் விவகாரம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வேறொரு கடையிலிருந்து பிஸ்தா பச்சையில் ஒரு பிளெயின் புடவை வந்தது. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். அதே வட்டம். அதே இடம், அதே அளவு. வேறு வேறு வீட்டுக் கூரைகள் ஒரே அளவில் வட்டம் போடுமா? புடவையைத் தலைகீழாகத் திருப்பி விரித்து இன்னொரு படம் எடுத்தேன். துணி திரும்பியிருந்தது, வட்டம் திரும்பவில்லை. எழுந்து போய் அறையின் வெள்ளைச் சுவரை எடுத்தேன். சுவரிலும் வட்டம்.

வேலூரில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவரைப் பல வருடமாகத் தெரியும். போன் போட்டுச் சொன்னேன்.

"லென்ஸு வேற கம்பெனியாங்க?" என்றார் உடனே.

"ஆமாங்க. அடாப்டர் போட்டு மாட்டிக்கிறேன்."

"அதாங்க விஷயம். லென்ஸ மாட்டனவுடனே அது கேமராவுக்கு ஒரு நம்பர் சொல்லும், நான் இன்ன லென்ஸுன்னு. வேற கம்பெனிக்காரனுக்கு சொந்தமா நம்பர் கிடையாது. அதனால கேமரா கம்பெனியோட பழைய லென்ஸ் ஒண்ணோட நம்பர சொல்லிகினு உள்ள போயிடறான். உங்க பழைய கேமரா அத கண்டுக்கல. புதுசு இன்னா பண்ணுது? அந்த நம்பர் லென்ஸ்ல ஓரம் இருட்டா விழும்னு அதுக்கு தெரியும். அதனால ஓரத்துக்கு வெளிச்சம் ஏத்தி சரி பண்ணுது. உங்க லென்ஸ்ல ஓரம் இருட்டே ஆவாது. இல்லாத குறைய சரி பண்ணிகினு கீது. மெனுவுல லென்ஸ் கரெக்ஷன்னு இருக்கும், எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க."

அணைத்தேன். சுவரை மறுபடி எடுத்தேன். சுவர் சுவராக இருந்தது. பூவும் புட்டாவும் நிறைந்த புடவைகளில் இது ஏன் கண்ணில் படவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. வேலைப்பாட்டுக்குள் வட்டம் ஒளிந்துகொள்ளும். வெளிர் நிறத்தில், ஒன்றுமில்லாத பட்டில்தான் அது வெளியே வரும்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. லென்ஸ் கெடவில்லை, புதிது வாங்க வேண்டியதில்லை. அதன் பிறகுதான் தேவிகாபுரத்து அம்மாவின் நினைப்பு வந்தது. வெளியே சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. மெனுவில் ஒரு பட்டனை அணைத்தாயிற்று, இனி யாருக்குத் தெரியப்போகிறது? அன்று சாயங்காலம் முழுவதும் அப்படித்தான் இருந்தேன். இரவு, வட்டம் விழுந்த சுவர்ப் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் வியாபாரியிடம் போய்ச் சுவர்ப் படத்தைக் காட்டினேன். இரண்டு முறை விளக்கினேன். அவர் அந்த வெங்காயத்தோல் புடவையை அலமாரியிலிருந்து எடுத்துவரச் சொல்லி, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். ஒன்றும் இல்லை.

"அன்னிக்கு தெரிஞ்சுதேம்மா" என்றார்.

"எனக்கும்தாங்க தெரிஞ்சுது."

புடவையை மடித்தார். "சரி, அந்தம்மாவ பாவு எடுத்துகினு போகச் சொல்லிடுங்க."

"அத நீங்கதாங்க சொல்லணும். என் தப்ப நான் போய் சொல்லிக்கிறேன்."

அவர் முகவரி மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பஸ் பிடித்து தேவிகாபுரம் போய், விசாரித்துக்கொண்டே வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். தறியில் உட்கார்ந்திருந்தார். தறியில் பாவு ஏறியிருந்தது, வேறொரு கடையின் பாவு. நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவர் நெய்வதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கேமரா, நம்பர், வளையம் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை ஓரமாக வைத்தார்.

"அப்ப ஒழுகல."

"இல்லக்கா. கறையே இல்ல. என் கேமராதான்."

"நான் சொன்னேன்ல?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க ஊட்டுக்காரரே நம்பலங்க. போட்டோவுல தெரியுதே, பொய்யான்னாரு. ஏணி போட்டு ஏறி தறிக்கு மேல கீற ஓட்ட எல்லாம் மாத்தினாரு. பதினேழு நாள் தறி சும்மா கெடந்துது. நானே ஒருவேள ஒழுகிச்சோ, நான்தான் பாக்கலியோன்னு நெனச்சிக்கினேன்."

அண்ணாந்து பார்த்தேன். தறிக்கு நேர் மேலே ஓடுகள் புதிதாக, சிவப்பாக இருந்தன. மன்னிச்சிக்குங்க என்றேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிக்கும்போது கேட்டார்:

"என்னுது மட்டுந்தானா?"

"என்னக்கா?"

"அந்த கேமராவுல நீங்க எத்தினி புடவ எடுத்தீங்க? என்னுது மட்டுமா வட்டம் விழுந்துது?"

பஸ்ஸில் திரும்பிவரும்போது அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. அறைக்கு வந்து, புதுக் கேமராவில் எடுத்த படங்கள் அத்தனையையும் திறந்தேன். பிஸ்தா பச்சை போக, வெளிர் நிறப் பிளெயின் புடவைகள் ஒன்பது இருந்தன. ஒன்பதிலும் வட்டம். நானே எடுத்து, நானே அனுப்பியவை. கடை கடையாகப் போய்க் கேட்டேன். ஆறு ஒரு பேச்சும் இல்லாமல் விற்றுப்போயிருந்தன. வெங்காயத்தோல் புடவையோடு சேர்த்து மூன்று திரும்பி வந்திருந்தன. மற்ற இரண்டில் ஒன்றை நெய்தவர் சந்தவாசல் பக்கத்துக்காரர். கைக்கறை என்று அவரைக் கடையில் நாலு பேர் முன்னால் மட்டமாகப் பேசியிருக்கிறார்கள். போனில் விஷயத்தைச் சொன்னதும், "இப்ப சொல்லி இன்னா ஆவப் போவுது" என்று வைத்துவிட்டார். இன்னொருவர், அந்தக் கடைக்காரரே நேரில் வந்து சொல்லட்டும் என்றார். கடைக்காரர் போனாரா என்று தெரியாது. நான் இரண்டு முறை நினைவுபடுத்தினேன்.

வெங்காயத்தோல் புடவையைக் கொண்டுவந்த வியாபாரி மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் தேவிகாபுரம் போய்வந்தார். அந்த அக்கா அவரிடம் திரும்பி வரவில்லை, புதுக் கடைக்கே நெய்கிறார்.

லென்ஸை நான் மாற்றவில்லை. அதே அடாப்டரில்தான் இன்றும் ஓடுகிறது. காலையில் முதல் புடவையை விரிப்பதற்கு முன் சுவரை ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுகிறேன். யாராவது படத்தைக் காட்டிக் குறை சொன்னால், துணியை வாசலுக்கு எடுத்துப்போகச் சொல்கிறேன். சிலர் போகிறார்கள். சிலர், "போட்டோவுலயே தெரியுதே" என்கிறார்கள்.