கேட்டால் நிறுத்திவிடுவார்களோ

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்களுக்குத் தையல் கடை. கல்யாணத்துக்கு முன்பு நான் கச்சேரிக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். அப்போது திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் அம்மன் பாட்டு ஒன்றைப் பாடிப் பதிவு செய்தோம். பஸ் செலவும் ஒரு சேலையும் தந்தார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் சின்னதாக ஒரு வானொலி நிலையம் வந்தது. வெள்ளிக்கிழமை காலைகளில் அந்தப் பாட்டைப் போட ஆரம்பித்தார்கள். எதிர் டீக்கடையில் அது கேட்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடும். கழுத்தில் ஆபரேஷன் ஆன பிறகு அந்தக் குரல் என்னிடம் இல்லை. கொஞ்சம் மேலே போனாலே கம்மிவிடும்.

என் வீட்டுக்காரருக்கோ ஆத்திரம். "பாட்டுக்கு முன்னாடி நகைக்கடை வெளம்பரம், பின்னாடி உரக்கடை வெளம்பரம். அவங்களுக்குத் துட்டு வருது. பாடுனவளுக்கு இன்னா வருது? போய்க் கேளு."

"கேட்டா பாட்டையே நிறுத்திட்டாங்கன்னா?"

"நிறுத்தட்டுமே. ஞாயம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

நியாயம் அவர் பக்கம்தான். பயந்துகொண்டே போய்க் கேட்டேன். நிலையத்தை நடத்தும் பெண் முகம் சுளிக்கவில்லை. "சினிமாப் பாட்டுக்குக் கம்பெனிக்குப் பணம் கட்டுறோம்க்கா. இது யாரோ பென்டிரைவ்ல குடுத்தது. பாடுனது நீங்கன்னே தெரியாது. கமிட்டில பேசிட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பாட்டு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

"நான்தான் வாயை வச்சிக்கினு சும்மா இல்லாம உன்னை அனுப்பிட்டேன்" என்றார் வீட்டுக்காரர். எனக்குச் சோறு இறங்கவில்லை. காசு வேண்டாம், பாட்டைப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு வரலாமென்று செருப்பை மாட்டினேன். அவர் மறித்துக்கொண்டார். "அது மட்டும் வேணாம். நீ அப்படிச் சொல்லிட்டா அப்புறம் பாடுறவங்க யாரும் வாயைத் தொறந்து கேக்க முடியாது."

மறுவாரம் வியாழக்கிழமை அந்தப் பெண்ணே கடைக்கு வந்துவிட்டார். "தெரிஞ்ச பெறகும் உங்களைக் கேக்காமப் போடுறது தப்பில்லையாக்கா? அதான் நிறுத்தி வச்சோம். உள்ளூர்ல பாடுனவங்களுக்கு, போடுற ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் குடுக்கிறதா முடிவாயிடுச்சி. நீங்க சரின்னா நாளைக்கே போட்டுடலாம்."

எவ்வளவு என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. "போடும்மா, போடு" என்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மறுநாள் முதல்முறையாக என் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார்கள். முடிகிறவரை வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்தி வைத்திருந்தார். பிறகு போய் இட்லி வாங்கி வந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.