நான் சாகடித்த நாய்

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு நாயைச் சாகடித்தேன். கல்லால் அல்ல, வாயால். அதற்குப் பிறகும் அந்த நாய் வேளா வேளைக்குத் தின்று, குரைத்து, பல வருஷம் உயிரோடு இருந்தது என்பது வேறு விஷயம்.

சின்னமனூருக்குத் தெற்கே வாய்க்கால் கரையை ஒட்டி அப்பா ஒரு திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். நிலத்துக்காரர் மதுரையில் இருந்தார். குத்தகைக்காரர்கள்தான் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பந்தல், மோட்டார், மருந்தடிக்கிற டிரம் எல்லாவற்றோடும் ஒரு செவலை நாயும் கைமாறும். காவல் நாய் தோட்டத்துக்குச் சொந்தம். விட்டுப் போகிறவர் அதைக் கூட்டிக்கொண்டு போனால் வெள்ளாமைக்கு ஆகாது என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் நம்பினார்கள்.

அதைக் குட்டியாக மஞ்சப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தவர் ஆண்டிபட்டிக்காரர். பெட்டை என்பதைக்கூடப் பார்க்காமல் மணி என்று பேர் வைத்தாராம். அடுத்து வந்தவர் ஒரு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது எலும்பு கொண்டுவருவாராம். அவருக்கு அது ஜூலி. மூன்றாவது ஆள் தாயி என்று கூப்பிட்டார். நான்காவதாக நாங்கள் போனோம். நான் பிங்கி என்று வைத்தேன். அதுவும் தலையெழுத்தே என்று வாலை ஆட்டியது.

அந்த மூன்றாவது ஆள் தோட்டத்தை ஒப்படைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாவியைக் கொடுத்தார், டிரம்மைக் காட்டினார். பிறகு உட்கார்ந்து ஒரு உருண்டைச் சோற்றைத் தன் கையால் நாய்க்கு ஊட்டினார். அடுத்த உருண்டையை அப்பா ஊட்ட வேண்டும், அதுதான் முறை. நாய் அப்பா கையை நக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன கல்நெஞ்சு இந்த ஆளுக்கு என்று எனக்குக் கோபமாக வந்தது. அப்படித் திரும்பாமல் போவதும் முறையில் சேர்ந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவரும் அவர் மனைவியும் மேகமலைக்குத் தேயிலை எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டதாகப் பேச்சு.

ஆறேழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. அப்பா உரம் வாங்க ஊருக்குள் போயிருந்தார். அம்மா தோட்டத்தின் கடைசியில் கொடி வெட்டிவிடும் கவாத்து வேலைக்கு வந்த பெண்களோடு இருந்தாள். மோட்டார் ரூம் வாசலில் நானும் பிங்கியும் மட்டும். பிங்கி திடீரென்று எழுந்து நின்றது. காது விறைத்தது. வால் ஆடவில்லை, உடம்பு முழுக்க ஆடியது. வாய்க்கால் கரையில் அந்த ஆள் வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பை.

என் நாயைத் தூக்கிக்கொண்டு போக வந்துவிட்டார். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து, பிங்கியை மோட்டார் ரூமுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். குரைத்தால் கேட்கக் கூடாதென்று வெளிப் பலகையில் இருந்த பொத்தானை அமுக்கி மோட்டாரையும் ஓட விட்டேன். அந்த வயதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

"அப்பா இல்லையா ஆத்தா?" என்றார்.

"ஊருக்குள்ள போயிருக்காக."

அவர் கண் பந்தலுக்கு அடியில் தேடியது. "தாயிய எங்கன காணோம்?"

"செத்துப் போச்சு" என்றேன். "லாரில அடிபட்டு."

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அந்த நேரம் பார்த்துத்தானா கரண்டு போக வேண்டும்? மோட்டார் ஓய்ந்தது. உள்ளே பிங்கி கதவைப் பிறாண்டியது. அதோடு விட்டதா, மெல்லிசாக ஒரு அழுகை வேறு.

"எலி" என்றேன்.

அவர் அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கதவில் முதுகை ஒட்டி, இரண்டு கையையும் பின்னால் வைத்துத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இருக்கும்" என்றார். "எங்கன பொதச்சீக?"

வாய்க்கால் ஓரம் தென்னம்பிள்ளை வைக்கத் தோண்டிய குழியும் பக்கத்தில் ஒரு மண்மேடும் இருந்தன. மேட்டைக் காட்டினேன். அவர் போய்த் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு பிடி மண்ணை அள்ளி அதன் மேல் போட்டார். கதவை விட்டு நகரவும் பயம், அவரைத் தனியே விடவும் பயம். பாதி தூரம் போய் நின்றேன்.

மண்ணைப் பார்த்தபடியே பேசினார். "மழ பேஞ்சா இடது காதுல சீழ் வைக்கும் இதுக்கு. வேப்பெண்ணெயக் காய்ச்சி ஆறவிட்டு ரெண்டு சொட்டு விடுவேன், நாலு நாள்ல சரியாப் போகும். தலைய மட்டும் மடியில வச்சுக்கிரணும், இல்லைன்னா உதறிரும். இடிச் சத்தத்துக்குப் பயப்படும். அன்னைக்கு மட்டும் கூட ஆள் இருக்கணும்." என்னவோ பாடம் ஒப்பிப்பவர் போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

பிறகு எழுந்து மோட்டார் ரூம் பக்கம் வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கதவருகே நின்று, தாழ்ப்பாளில் கையை வைத்தார். உள்ளே சத்தம் சட்டென்று நின்றுபோனது. பையை அந்தத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தார்.

"மேல போற பஸ்ஸு போயிரும் ஆத்தா" என்றவர், அன்றும் திரும்பிப் பார்க்காமல் போனார்.

பையில் கருவாட்டுத் தலைகள் இருந்தன. பாவம், துக்கத்தில் மறந்து வைத்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். கதவைத் திறந்ததும் பிங்கி கருவாட்டைச் சீண்டவே இல்லை. மண்மேட்டை மோந்தது, கரை நெடுக மோந்துகொண்டே ஓடியது, பாலம் வரை போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் நான்தான் இழுத்து வந்தேன். நன்றி கெட்ட நாய் என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

ஐப்பசி மழையில் இடது காதில் சீழ் வைத்தது. வேப்பெண்ணெயைக் காய்ச்சிச் சொட்டு விட்டேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று அப்பா கேட்டார். எனக்கே தெரியும் என்றேன். பெருமை தாங்கவில்லை. ஒரு பெரிய ஆளை ஏமாற்றியதோடு அவரிடமிருந்து வைத்தியத்தையும் பிடுங்கிக்கொண்டேன் அல்லவா?

கல்யாணமாகி நான் தேனிக்கு வந்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"கூட்டிட்டுப் போகவா வந்தாக? கிறுக்கி! எஸ்டேட்டு லைன் வீட்டுல நாய் தங்குமா? சிறுத்த தூக்கிரும்னு அவுக ஒப்படைக்கிறப்பவே சொன்னாக. பாத்துட்டுப் போகத்தான் வந்திருப்பாக."

மேகமலையிலிருந்து அந்தக் கரட்டு ரோட்டில் பஸ்ஸில் குலுங்கி இறங்கி வந்தவருக்கு, நாயைப் பார்க்க ஒரு தாழ்ப்பாள்தான் குறுக்கே இருந்தது. அதில் கையும் வைத்தார். திறந்திருந்தால் நான் பொய்க்காரியாக நின்றிருப்பேன், நாய் அவர் பின்னாலேயே ஓடியிருக்கும். அவர் திறக்கவில்லை. நான்தான் அவரை ஏமாற்றினேன் என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.