பாலத்து இறக்கத்தில் எனெலெசி

எங்கள் டெட்ஸா மலைப் பக்கத்தில் உருளைக்கிழங்கு மூட்டை, கரி மூட்டை, கல்யாணக் கட்டில் எல்லாமே சைக்கிளில்தான் போகும். ஓட்டுகிறவர்கள் ஆண்கள். பெண்கள் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போவார்கள். முதுகில் ஒரு பிள்ளையைத் துணியால் கட்டி, கேரியரில் இன்னொன்றை உட்காரவைத்து, தானே மிதித்துப் போகிறவள் எங்கள் ஊரில் எனெலெசி ஒருத்திதான். என் பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் புருஷன் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். பாலர் பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பெரியவள் தடாலாவும் சின்னவன் லிம்பானியும் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள். சைக்கிள் இல்லையென்றால் பள்ளிக்கூடமும் இல்லை. அதனால் தினமும் லாரிகளோடு ஒரே ரோட்டில் போராட்டம். லாரி ஹார்ன் அடித்தால் ஓரத்துச் சரளையில் இறங்க வேண்டும்; தார் விளிம்போ உடைந்து பள்ளமாகக் கிடக்கும். கூலிக்கு ஆளேற்றும் சைக்கிள்காரப் பையன்கள் வேறு கத்துவார்கள்.

“அம்மா, பஸ் புல்லா? எனக்கும் ஒரு சீட் இருக்கா?”

“இருக்குடா. வந்து பின்னாடி நின்னு தள்ளு!” என்பாள் எனெலெசி.

போன அறுவடையில் தடாலாவின் குதிகால் பின்சக்கரக் கம்பிக்குள் போய்த் தோல் உரிந்துவிட்டது. அன்றைக்கு எனெலெசியின் தாய்மாமன் பிலிமோன் வந்தார். எங்களில் தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான்.

“இன்னொரு தடவை பிள்ளைங்க மேல ஒரு கீறல் விழட்டும், சைக்கிள் என் வீட்டுக்கு வந்துடும். கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மாமா.”

அன்று மாலையே உரச் சாக்கை வெட்டிச் சக்கரத்தின் இரண்டு பக்கமும் மறைத்துத் தைத்தாள். தடாலாவைத் தன் இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டப் பழகினாள். புறப்படும்போது “கால் எங்க?” என்று கேட்பாள். “அகட்டி வச்சிருக்கேம்மா!” என்று பதில் வந்த பிறகுதான் மிதிப்பாள். எல்லாம் சரி. பிரேக் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துச் சைக்கிள்களில் பெரும்பாலும் இருக்காது. டயரில் வெட்டிய செருப்பு போட்டிருப்போம். அந்தக் காலை முன்சக்கரத்தில் வைத்து அழுத்தினால் வண்டி நிற்கும். அவளும் அப்படித்தான் நிறுத்துவாள்.

அந்த ஞாயிறு சபையின் மாதர் சங்கத்தில் அவளைச் சேர்க்கிற நாள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, காலில் பளபளவென்று கறுப்பு ஷூ. சங்கத்து உடுப்போடு டயர் செருப்பு போடலாமா? யாருமே போட மாட்டோம். அவளும் போடவில்லை. வேறொன்றும் அவள் யோசிக்கவில்லை.

நான், பிலிமோன் மாமா, இன்னும் சிலர் சபைக்குப் போகிற வழியில் பாலத்தருகே நடந்துகொண்டிருந்தோம். விடியற்காலையில் தூறல் விழுந்திருந்தது. மேலே அவள் பிள்ளைகளோடு சைக்கிளில் இறக்கத்தில் இறங்குவது தெரிந்தது. அதே நேரம் எதிர்ப்பக்கமிருந்து முட்டைக்கோஸ் லாரி ஒன்று பாலத்தில் ஏறியது. அந்தப் பாலத்தில் ஒரு வண்டிதான் போக முடியும்.

எனெலெசி காலைச் சக்கரத்தில் வைத்தாள். ஷூ சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது. வண்டி வேகம் பிடித்தது.

“வழி விடுங்க! வழி விடுங்க! நிக்கல!”

“ஆண்டவரே, பிள்ளைங்க!” என்று நான் கத்தினேன். மாமா கையிலிருந்த வேதப்புத்தகத்தை என்னிடம் திணித்துவிட்டு ரோட்டுக்கு ஓடினார். அவருக்கு முழங்கால் வலி. அன்றைக்கு அந்த வலி எங்கே போனதோ!

அவள் பாலத்துக்கு வரவில்லை. “கால அகட்டு தடாலா! கெட்டியாப் பிடி!” என்று ஒரு கூச்சல். ஹேண்டிலைத் திருப்பி, ரோட்டோரத்து உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குள் விட்டாள். மண் வரப்புகள் மேல் சைக்கிள் குதித்தது, குதித்தது, குதித்தது. ஈர மண் சக்கரத்தைக் கவ்வ, மெல்லச் சாய்ந்தது. விழும்போது அவள் தன் முழங்காலையும் கையையும் கீழே கொடுத்துப் பிள்ளைகளை மேலே தாங்கிக்கொண்டாள்.

நாங்கள் தோட்டத்துக்குள் ஓடினோம். பிறகு லிம்பானியின் குரல்: “அம்மா, இன்னொரு தடவை!”

மாமா பிள்ளைகளைத் தூக்கி, கை, கால், குதிகால், காது மடல்வரை தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஸ்தோத்திரம்! எனெலெசியின் வெள்ளைச் சட்டைதான் செம்மண்ணாகிவிட்டது. முழங்காலில் ரத்தம்.

“இது என்னடி?” என்றார் மாமா.

“நீங்க பிள்ளைங்க மேலன்னுதானே சொன்னீங்க மாமா. என்னைச் சேக்கலையே?”

எல்லாரும் சிரித்துவிட்டோம். மாமா சிரிக்கவில்லை. “பிரேக் இல்லாத வண்டியில பிள்ளைங்களை ஏத்தலாமா? அதைச் சொல்லு.”

அவள் முகம் மாறியது. “ஏத்தக் கூடாது மாமா. பிரேக் போடுறவரைக்கும் ஏத்த மாட்டேன். தள்ளிக்கிட்டே போறேன். ஆனா உங்க வீட்டுச் சுவத்துல ஒரு சைக்கிள் சாஞ்சு கிடக்கே, அதுல பிரேக் சும்மாதானே இருக்கு?”

“என் சைக்கிளா? அடியே, நான் இன்னும் சாகல!”

மண் சட்டையோடுதான் அவளைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டோம். ஜெபம் பண்ணும்போது எங்கள் தலைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவள் பிள்ளைகளை நடத்தி, களைத்தபோது முறைவைத்து முதுகில் கட்டி, சோற்றுப் பாத்திரம் மட்டும் ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் திரும்பும்போது அவள் வாசலில் மாமா ஸ்பானரோடு உட்கார்ந்திருந்தார். தன் சைக்கிளிலிருந்து கழற்றிய பிரேக் கம்பியும் ரப்பர் கட்டையும் பக்கத்தில். அவற்றை அவள் வண்டியில் மாட்டினார். மாட்டி முடித்ததும் தானே கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

“ம், ஓட்டு. அந்த இறக்கத்துக்குப் போ.”

ஊரே பின்னால் ஓடியது. இறக்கத்தில் பாதிவரை மாமா கம்பீரமாக இருந்தார். பிறகு, “மெதுவா! மெதுவாடி! அழுத்துடி!” என்று அவர் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். எனெலெசி பிரேக்கைப் பிடித்தாள். ரப்பர் கிறீச்சிட்டது. பாலத்துக்கு முன்னால், கட்டிப்போட்ட ஆடு மாதிரி சைக்கிள் அசையாமல் நின்றது.

மாமா இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“நாளைக்குப் பிள்ளைங்களை ஏத்து” என்றார். “நான் நடந்தே போயிக்கிறேன்.”